பெட்ரோலா, கேஸா, மின்சாரமா? வண்டி வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

ஸ்கூட்டரோ காரோ வாங்க இன்று ஷோரூமுக்குப் போகிறவருக்குத் தலை சுற்றும். பெட்ரோல், டீசல், சிஎன்ஜி (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு), ஹைப்ரிட் (எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்தது), மின்சாரம் என்று வகைவகையாக நிற்கின்றன. எது கையிருப்பில் அதிகமாக இருக்கிறதோ, அதுவே உலகிலேயே சிறந்தது என்று விற்பனையாளர் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர் தாம் வாங்கியதைத்தான் சிபாரிசு செய்வார். இருவருமே உங்கள் மாதச் செலவைக் கணக்குப் பார்த்திருக்க மாட்டார்கள். அதை நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு காகிதமும் பேனாவும் போதும். தமிழ்நாட்டில் முதன்முதலாக மாற்று எரிபொருள் வண்டியைப் பற்றி யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய பெட்ரோல் வண்டியையே வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் நேராக ஐந்தாம் படிக்குப் போகலாம்.

முதல் படி: வண்டியை விடுங்கள், உங்கள் மாதத்தைப் பாருங்கள்

நான்கு விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள். மாதத்துக்குச் சராசரியாக எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள்? அதில் நெரிசலான ஊருக்குள் எவ்வளவு, நெடுஞ்சாலையில் எவ்வளவு? இரவில் வண்டி எங்கே நிற்கிறது, அந்த இடத்துக்கு உங்கள் மீட்டரிலிருந்து மின்கம்பி வர முடியுமா? ஒரே மூச்சில் போகும் மிக நீண்ட பயணம் எது, அது வருடத்துக்கு எத்தனை முறை?

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. சொந்த வீட்டில் போர்டிகோ இருப்பவருக்கும், தெருவோரம் நிறுத்துகிறவருக்கும் மின்சார வண்டி ஒரே வண்டியல்ல. முன்னவருக்கு அது மிக மலிவான வாகனம். பின்னவருக்கோ வாரம் இருமுறை சார்ஜிங் நிலையத்தில் காத்திருக்கும் வேலை.

நான்காவது கேள்விக்குப் பலரும் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் ஊருக்குப் போகிறவர், அந்த இரண்டு பயணங்களுக்காக மற்ற முந்நூற்றைம்பது நாளும் அதிகச் செலவுள்ள வண்டியை ஓட்டத் தேவையில்லை. ரயில் இருக்கிறது, வாடகைக் கார் இருக்கிறது.

இரண்டாம் படி: மைலேஜை மறந்துவிட்டு ரூபாய்க்கு வாருங்கள்

பெட்ரோலை லிட்டரில் வாங்குகிறோம், சிஎன்ஜியைக் கிலோவில், மின்சாரத்தை யூனிட்டில். 22 என்று ஒன்றும் 15 என்று ஒன்றும் அட்டையில் போட்டிருந்தால் அவற்றை நேராக ஒப்பிடுவதில் பொருள் இல்லை. எல்லாவற்றையும் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் என்று மாற்றுங்கள். எரிபொருளின் விலையை, ஓர் அலகில் வண்டி ஓடும் தூரத்தால் வகுத்தால் போதும்.

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், சிஎன்ஜி கிலோ 90 ரூபாய், வீட்டு மின்சாரம் யூனிட் 9 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதைத் திருத்திக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் பெட்ரோல் காருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 6.67 ரூபாய் ஆகிறது. கிலோவுக்கு 22 கி.மீ. தரும் சிஎன்ஜி காருக்கு 4.09 ரூபாய். மின்சாரக் கார் சுவரிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு 6 கி.மீ. ஓடினால் 1.50 ரூபாய். ஸ்கூட்டரில் இந்த விகிதம் இன்னும் பெரிது: லிட்டருக்கு 45 கி.மீ. தரும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 2.22 ரூபாய் என்றால், மின்சார ஸ்கூட்டருக்கு 30 பைசா அளவுதான்.

‘சுவரிலிருந்து எடுக்கும்’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பேட்டரிக்குள் போய்ச் சேரும் மின்சாரத்தைவிட மீட்டரில் ஓடும் மின்சாரம் அதிகம். சார்ஜரிலும் பேட்டரியிலும் பத்து சதவீதத்துக்கு மேல் வெப்பமாக வீணாகும். விளம்பரம் இதைச் சொல்லாது. மின்வாரியம் அதற்கும் சேர்த்துத்தான் பில் போடும்.

பில் என்றதும் நம் மாநிலத்துக்கே உரிய ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம், பிறகு படிப்படியாக விலை ஏறும். இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளில் கிடைத்த சலுகையிலும் ஒரு பகுதி போய்விடும். மாதம் 1,000 கி.மீ. ஓடும் மின்சாரக் கார் இரு மாதத்தில் 330 யூனிட்டுக்கு மேல் குடிக்கும். ஏற்கெனவே 350 யூனிட் செலவழிக்கும் வீடு அதனால் ஒரே தாவலில் மேல்படிக்குப் போய்விடும். ஆகவே யூனிட்டுக்கு நாலரை ரூபாய் என்று யாராவது கணக்குச் சொன்னால் நம்ப வேண்டாம். இப்போதைய பில்லையும் காருடன் சேர்ந்த பில்லையும் தனித்தனியாகப் போட்டு, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். அதுதான் காரின் உண்மையான மின்செலவு. ஸ்கூட்டருக்கு இந்தக் கவலை அதிகம் இல்லை. அதே தூரத்துக்கு இரு மாதத்தில் 70 யூனிட் போதும்.

மூன்றாம் படி: கூடுதலாகக் கொடுக்கும் பணம் எப்போது திரும்பும்?

ஒரே மாடலில் பெட்ரோலைவிட சிஎன்ஜி 95,000 ரூபாய் அதிகம் என்று வையுங்கள். மேலே பார்த்த கணக்கில் கிலோமீட்டருக்கு 2.58 ரூபாய் மிச்சம். 95,000-ஐ 2.58-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 36,800 கி.மீ. மாதம் 1,000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு மூன்று வருடத்தில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும். மாதம் 500 கி.மீ. மட்டும் ஓட்டுகிறவருக்கு ஆறு வருடம் ஆகும். அவர் பெட்ரோல் காரையே வாங்கி நிம்மதியாக இருக்கலாம். அப்படிச் சொன்னால் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் கோபிக்கக்கூடும். ஆனால் குறைவாக ஓடும் வண்டி குறைவாகத்தான் புகை விடும் என்பதையும் அவர்கள் மறுக்க மாட்டார்கள்.

மின்சார வண்டிக்கும் இதே வகுத்தல்தான். வட்டி, காப்பீடு, சாலை வரி ஆகியவற்றின் வித்தியாசத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மானியமும் வரிவிலக்கும் அடிக்கடி மாறுகின்றன. பதிவு செய்யும் நாளில் எது நடப்பில் இருக்கிறது என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, விலைப்பட்டியலில் எழுதி வாங்குங்கள்.

நான்காம் படி: ஒவ்வொன்றிலும் கவனிக்க வேண்டியது

சிஎன்ஜியில் இருந்து தொடங்கலாம். சென்னை ஆட்டோக்கள் பலவற்றில் ஓடுவது எல்பிஜி, அதாவது சமையல் கேஸ் வகை; சிஎன்ஜி அதுவல்ல. சிஎன்ஜி என்பது சுமார் 200 பார் அழுத்தத்தில், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல ஏறக்குறைய 200 மடங்கில், அடைத்த மீத்தேன். காற்றைவிட எடை குறைந்தது என்பதால் கசிந்தால் மேலே போய்விடும். எல்பிஜி கனமானது, தரையோடு தங்கும். வீட்டுச் சமையல் சிலிண்டரிலிருந்து வண்டிக்கு மாற்றி ஓட்டுவது சட்டவிரோதம். அதைவிட, உயிருக்கே ஆபத்து.

வாங்கும் முன் உங்கள் அன்றாடப் பாதையில் சிஎன்ஜி பங்க் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. காலை எட்டு மணிக்கு அங்கே போய் வரிசையைப் பாருங்கள். லாரியில் கேஸைக் கொண்டுவந்து இறக்கும் பங்க் என்றால் அழுத்தம் குறைந்து, சிலிண்டர் முழுதாக நிரம்பாமலேயே அனுப்பிவிடுவார்கள். எட்டு கிலோ பிடிக்க வேண்டியதில் ஆறுதான் ஏறும். டிக்கியில் பெரும்பகுதியைச் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும் என்பதையும், மலையேறும்போது இழுவை குறையும் என்பதையும் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய பெட்ரோல் காருக்கு சிஎன்ஜி கிட் போடுகிறவர்கள் அங்கீகாரம் பெற்ற கிட்டை மட்டும் பொருத்தி, ஆர்.சி.யில் எரிபொருள் மாற்றத்தைப் பதிந்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரும். சிலிண்டருக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை கட்டாயம். கேஸ் நிரப்பும்போது வண்டியில் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது, குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாலும்.

மின்சார வண்டி ஒரு முழு சார்ஜில் ஓடும் என்று விளம்பரம் சொல்லும் தூரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது சோதனைக்கூடத்தில் அளந்தது. மூன்றில் இரண்டு பங்கு முதல் நான்கில் மூன்று பங்கு வரை கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் வராது. அதிலும் பேட்டரி முழுதாகத் தீரும்வரை யாரும் ஓட்டுவதில்லை. உங்கள் ஒரு நாள் தேவையைப்போல இரண்டு மடங்கு உண்மையான தூரம் தரும் வண்டியாகப் பாருங்கள். பேட்டரிக்கு வயதான பிறகும் சிரமம் இருக்காது.

பெட்ரோல் வண்டி ஊருக்குள் அதிகம் குடிக்கும், நெடுஞ்சாலையில் குறைவாகக் குடிக்கும். மின்சார வண்டியில் இது தலைகீழ். சிக்னலில் நிற்கும்போது மோட்டார் ஓடுவதில்லை. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறிக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பித் தருகிறது. அதனால் அண்ணா சாலை நெரிசல் அதற்கு ஒரு பொருட்டல்ல. திருச்சி நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் போனால்தான் பேட்டரி கண்ணெதிரே இறங்கும்.

வீட்டில் சார்ஜ் செய்யும் இடத்தில் முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதியுங்கள். பழைய வீடுகள் பலவற்றில் எர்த் என்பது பெயரளவில்தான் இருக்கும். ஸ்கூட்டரோ காரோ, 16 ஆம்பியர் பிளக் பாயிண்டுக்குத் தனிக் கம்பி, தனி பிரேக்கர் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி இரவு முழுவதும் விட்டுவிடும் பழக்கத்தை மன்னிக்கவே முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் சங்கத்தின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலை வண்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் வாங்குங்கள். ஸ்கூட்டர் என்றால், கழற்றி மேலே எடுத்துச் செல்லும் பேட்டரி உள்ள மாடல் ஒரு மாற்றுவழி.

பேட்டரியின் பெரிய எதிரி வெப்பம். சித்திரை வெயிலில் ஓட்டி வந்த கையோடு சார்ஜ் போடாமல் கொஞ்சம் ஆறவிடுங்கள். நூறு சதவீதம் ஏற்றுவதா, எண்பதில் நிறுத்துவதா என்பது பேட்டரியின் ரசாயனத்தைப் பொறுத்தது. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகையை அவ்வப்போது முழுதாக ஏற்றச் சொல்வார்கள், என்எம்சி (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட்) வகையை அன்றாடம் 80 சதவீதத்தோடு நிறுத்தச் சொல்வார்கள். கையேட்டில் உங்கள் வண்டிக்கு என்ன எழுதியிருக்கிறதோ அதுவே சரி. பொது நிலையங்களின் விரைவு சார்ஜர்கள் 80 சதவீதம் வரைதான் வேகமாக ஏற்றும், பிறகு மெதுவாகிவிடும். நீண்ட பயணத்தில் 80 ஆனதும் கிளம்புவதே புத்திசாலித்தனம். அங்கே யூனிட் விலை வீட்டைவிட மிக அதிகம் என்பதால், பெரும்பாலும் பொது நிலையத்தையே நம்பப் போகிறவர் இரண்டாம் படியின் கணக்கை அந்த விலையில் மறுபடி போட வேண்டும்.

மழைக்காலம் வேறு இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை முழுக்கியபோது எல்லா வகைக் கார்களும்தான் மூழ்கின. வெள்ளத்தில் நின்ற மின்சார வண்டியை உலர்ந்துவிட்டதே என்று சார்ஜில் போடவே கூடாது. இழுவை வண்டியில் ஏற்றி சர்வீஸ் மையத்துக்கு அனுப்புங்கள்.

உரிமமும் வேண்டாம், பதிவும் வேண்டாம் என்று விற்கப்படும் சிறு ஸ்கூட்டர்கள் உண்டு. 250 வாட்டுக்கு மேற்படாத மோட்டாரும் 25 கி.மீ.க்குள் வேகமும் இருந்தால்தான் அந்தச் சலுகை. ‘ஒரு வயரை வெட்டினால் 45 போகும்’ என்று கடைக்காரர் கண்ணடித்தால் வெளியே வந்துவிடுங்கள். அந்த வண்டி சாலையில் பதிவற்ற வாகனம்.

ஹைப்ரிட் பற்றிச் சுருக்கமாக: ‘ஸ்ட்ராங்’ ஹைப்ரிட் கார் குறைந்த வேகத்தில் மின்மோட்டாரில் மட்டும் ஓடக்கூடியது. நகர நெரிசலில் அதன் மிச்சம் கண்கூடு, சார்ஜ் போடும் தொல்லையும் இல்லை. விலைதான் கையைக் கடிக்கும். ‘மைல்டு’ ஹைப்ரிட் என்பது பெரும்பாலும் பெட்ரோல் காரேதான். பெயருக்காக அதிகம் கொடுக்க வேண்டாம்.

ஹைட்ரஜன் கார் வரட்டும் என்று காத்திருப்பவர்கள் அதுவரை பேருந்தில் போகலாம். இரண்டாம் உலகப் போரின் பெட்ரோல் தட்டுப்பாட்டில் நம் ஊர்ச் சாலைகளில் கரி வாயுவில் பேருந்துகள் ஓடின. பின்னாளில் டீசலுக்கு மாற்றாகக் காட்டாமணக்கு எண்ணெய் நாட்டைக் காப்பாற்றும் என்று சொல்லி விவசாயிகளைச் செடி நடவைத்தார்கள். இரண்டும் நிலைக்கவில்லை. எந்த எரிபொருளையும், அதை நிரப்பும் இடம் உங்கள் தெருவுக்கு வந்த பிறகு நம்பினால் போதும்.

ஐந்தாம் படி: இருக்கிற வண்டியின் உண்மை மைலேஜை அளந்து பாருங்கள்

டிஸ்பிளேயில் தெரியும் எண் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமானது. முறையாக அளக்க, ஒரு பங்கில் தானாக நிற்கும்வரை டேங்க்கை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல ஓட்டி, அதே பங்கில் அதேபோல மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுங்கள். ஒரு முறை போதாது. மூன்று முறை எடுத்த சராசரியைத்தான் நம்பலாம்.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகு மைலேஜ் குறைந்துவிட்டது என்ற பேச்சு எங்கும் கேட்கிறது. அதில் உண்மை உண்டு, பெரிதுபடுத்தலும் உண்டு. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். 20 சதவீதம் கலந்தால் ஆற்றல் சுமார் 7 சதவீதம் குறையும். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே, பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம், பழைய இரு சக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் குறையும் என்று கணித்தது. அதற்கென்றே ட்யூன் செய்த புதிய கார்களில் குறைவு 1 முதல் 2 சதவீதம்தான். ஆகவே 15 கொடுத்த கார் 14 கொடுத்தால் பெட்ரோலைக் குறை சொல்லலாம். 11 கொடுத்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. பழைய வண்டிக்காரர்கள் ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் சர்வீஸின்போது பார்க்கச் சொல்லுங்கள். எத்தனால் அவற்றைத்தான் முதலில் பதம்பார்க்கும்.

ஆறாம் படி: வலது கால்

மைலேஜைக் கூட்ட மிக மலிவான வழி ஆக்ஸிலரேட்டரில் இருக்கும் கால். இரு சக்கரக்காரர்களுக்கு வலது கை. ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும், காசு கொடுத்துச் சேர்த்த வேகத்தை வெப்பமாக்கித் தூக்கி எறிகிறீர்கள். எதிரே சிவப்பு விளக்கு தெரிந்த பிறகும் முறுக்கிக்கொண்டு போய்க் கடைசியில் பிரேக் அடிப்பவர், தூரத்திலேயே காலை எடுத்துவிடுகிறவரைவிட ஒரு நொடிகூட முன்னால் போய்ச் சேர்வதில்லை.

வேகத்தின் விலையையும் தெரிந்துகொள்ளுங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கூடியது 25 சதவீதம். எதிர்ப்பு கூடியது 56 சதவீதம். கூரைமேல் கேரியர் மாட்டி, அதில் ஒன்றும் இல்லாவிட்டாலும் வருடம் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிவதும் இதே செலவுதான்.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை. இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் வைத்துக் காலை எடுத்தால் எஞ்சினுக்கு எரிபொருள் போவதே நின்றுவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலுக்கு மாற்றினால், எஞ்சின் அணையாமல் இருக்க எரிபொருள் செலவாகும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ வால்பாறைச் சாலையிலோ எஞ்சினை அணைத்து இறங்குவது இன்னும் மோசம். பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் உதவி போய்விடும், எஞ்சின் பிடிப்பும் இருக்காது, பிரேக் சூடாகிக் கைவிட்டுவிடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்று மலை ஓட்டுநர்கள் சொல்வது பாதுகாப்புக்கும் சரி, பர்ஸுக்கும் சரி.

நின்ற இடத்தில் எஞ்சின் ஓடுவது கணக்கில் வராத செலவு. ஏசியோடு நிற்கும் சிறிய கார் ஒரு மணி நேரத்தில் முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை எரிக்கும். பள்ளி வாசலில் குழந்தைக்காகக் காத்திருக்கும் கார்களைப் பார்த்தால் இது புரியும். அரை நிமிடத்துக்கு மேல் நிற்கும் சிக்னலில் அணைத்துவிடலாம்.

ஏழாம் படி: பராமரிப்பு, ஏமாற்று

டயர் அழுத்தத்தை மாதம் இருமுறையாவது, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பாருங்கள். சரியான அளவு ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது உச்ச அளவு. அதைப் பார்த்து நிரப்பக் கூடாது. ஒரு பிஎஸ்ஐ (டயர் அழுத்தத்தை அளக்கும் அலகு) குறைவுக்கு 0.2 சதவீதம் அளவில் மைலேஜ் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. சிறிதாகத் தோன்றும், ஆனால் பத்து பிஎஸ்ஐ குறைவாகவே மாதக்கணக்கில் ஓடும் வண்டிகள் நம் ஊரில் ஏராளம். பைக்கில் இதோடு செயினுக்கு எண்ணெயும் சரியான தொய்வும் சேரும். எஞ்சின் ஆயிலைக் கையேடு சொன்ன கிரேடில் மட்டும் ஊற்றுங்கள். கெட்டியான ஆயில் எஞ்சினுக்கு நல்லது என்று மெக்கானிக் சொல்வது பழைய எஞ்சின்களோடு போயிற்று.

பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், டேங்க்கில் போடும் மாத்திரை, 30 சதவீதம் மிச்சம் என்று இணையத்தில் விற்கும், வண்டியில் செருகும் பிளக் இவற்றுக்கெல்லாம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அப்படி ஒன்று உண்மையிலேயே வேலை செய்தால், மைலேஜுக்காக ஒருவரோடொருவர் போட்டியிடும் வண்டி நிறுவனங்கள் முதலில் அதை மாட்டியிருக்கும். ‘பிரீமியம்’ என்று கூடுதல் விலைக்கு விற்கும் உயர் ஆக்டேன் பெட்ரோலும் அதைக் கேட்டு வடிவமைத்த எஞ்சினுக்கு மட்டும்தான் பயன்படும். அதிகாலையில் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் போட்டால் அதிகம் கிடைக்கும் என்பதும் வெறும் நம்பிக்கைதான்; பங்கின் தொட்டி நிலத்தடியில் இருக்கிறது, பகலிலும் இரவிலும் அதன் வெப்பம் பெரிதாக மாறாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐந்தாம் படியின் அளவை மறுபடி எடுங்கள். திடீரென்று பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், சமதளச் சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, பிரேக்கை அதிகம் தொடாமல் நிறுத்தி, நான்கு சக்கரங்களின் ரிம்முக்கு அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், அனல் தெரிந்தால் போதும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுடுகிறதென்றால் அந்த பிரேக் முழுதாக விடவில்லை. மெக்கானிக்கிடம் ‘மைலேஜ் வரவில்லை’ என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தச் சக்கரம் என்று காட்டி, அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.